ஒன்றுதலும் மெய்ம்மறத்தலும்

ஒரு தொழிலில் உள்ளம் முழுதும் படிந்து நிற்கும் நிலையைக் குறிக்கத் தமிழில் சொற்கள் பல உள்ளன. ஒன்றுதல், ஊன்றுதல், தோய்தல், ஆழ்தல், மூழ்குதல், ஈடுபடுதல், மெய்ம்மறத்தல் என்பன அவற்றுள் சில. வழக்கில் இவற்றை ஒன்றற்கொன்று மாற்றாக ஆள்கின்றோம். வீணை வாசிப்பவர் ஒருவரைக் கண்டு, ‘மெய்ம்மறந்து வாசிக்கின்றார்’ என்கின்றோம். ‘ஒன்றி வாசிக்கின்றார்’ என்றும் கூறுகின்றோம். கேட்போர் இரண்டனையும் ஒரு பொருளனவாகவே கொள்வர். ஆயின், சொற்பொருளை உற்று நோக்குவார்க்கு இவ்விரண்டும் வேறுபட்ட செய்திகளைக் கூறுவது புலனாகும். மறத்தல், அறிவு ஒன்றனைவிட்டு நீங்குதல். ஒன்றுதல், அறிவு ஒன்றனைச் சென்று சேர்தல். கைதேர்ந்த ஒருவர் தம் தொழிலில் ஆழ்ந்திருக்கும்போது அவர் உள்ளத்தில் நிகழ்வது இவற்றுள் எது என்பதே ஈண்டு ஆராயப் புகும் பொருள்.

இவ்வினா சொல்லாராய்ச்சியளவில் நின்றுவிடுவதன்று. இசையோ நடனமோ பயிற்றும் ஆசிரியர் ஒருவர் மாணவனிடம், ‘உன்னை மறந்து பாடு’ என்கின்றார். மற்றோர் ஆசிரியர், ‘சுருதியைக் கேட்டுப் பாடு’ என்கின்றார். முதல்வர் கூறுவதைக் கேட்ட மாணவன் எதனைச் செய்வான்? மறத்தலை முயன்று செய்ய இயலாது. மறக்க முயல்கின்றவன் மறக்கவேண்டியதனையே நினைந்துகொண்டிருப்பான். கலைப்பயிற்சியில் பல இளைஞர் தளர்ந்து போவதற்கு இவ்வறிவுரையும் ஒரு காரணம் என்று கருத இடமுண்டு.

இந்நிலையை உளநூல் முறையில் விரிவாக ஆராய்ந்தவர் மிகாய் சிக்சென்ட்மிகாயி என்பார். அங்கேரியப் பெற்றோர்க்கு 1934 ஆம் ஆண்டில், அன்று இத்தாலிக்கு உரியதாயிருந்த பியூமே நகரில் பிறந்தவர். அந்நகர் இன்று குரோசியா நாட்டில் ரியேக்கா எனப் பெயர் பெற்றுள்ளது. இரண்டாம் உலகப் போரின்போது சிறுவராயிருந்த தமக்குச் சதுரங்க ஆட்டம் ஒரு புகலிடமாய் அமைந்ததை அவரே பிற்காலத்தில் நினைவுகூர்ந்துள்ளார். சிகாகோப் பல்கலைக்கழகத்தில் 1965 ஆம் ஆண்டில் முனைவர் பட்டம் பெற்றார். 2021 ஆம் ஆண்டில் மறைந்தார்.

அவர் ஆராய்ச்சி ஓவிய மாணவரிடமிருந்து தொடங்கியது. ஜேக்கப் கெட்செல்ஸ் என்பாருடன் சேர்ந்து அம்மாணவர் ஓவியம் தீட்டும் முறையைக் கூர்ந்து நோக்கினார். ஓவியம் வளர்ந்து வரும்வரை பசியும் களைப்பும் பாராது உழைத்த மாணவர், அது முடிந்ததும் அதன்பால் கொண்ட ஆர்வத்தை இழந்து அடுத்த துணியை நாடினர். முடிந்த ஓவியத்தைச் சுவரில் சார்த்தி வைத்துவிட்டு மீண்டும் ஒருமுறை அதனைப் பாராதாரும் இருந்தனர். அக்காலத்து உளநூலில் மேலோங்கியிருந்த கொள்கையோ, மக்கள் செயல்களைப் பரிசும் தண்டனையுமே இயக்குகின்றன என்பது. இவ்வோவியர்க்குப் பரிசு யாது? பொருள் வருவாய் அரிது. புகழ் அதனினும் அரிது. படைத்த பொருளே பரிசு எனின், அதனையும் அவர்கள் பொருட்படுத்தவில்லை. எஞ்சி நின்றது தீட்டுதல் என்னும் செயல் ஒன்றே. செயலே தன் பயனாக அமையும் இத்தன்மையைக் குறிக்கக் கிரேக்க வேர்ச்சொற்களைக்கொண்டு அவர் ஒரு பெயர் அமைத்தார். தமிழில் அதனைத் ‘தற்பயன் செயல்’ எனலாம்.

பின்னர், பாறையேறுவோர், சதுரங்கம் ஆடுவோர், இசையமைப்போர், நடனமாடுவோர், கூடைப்பந்து ஆடுவோர், அறுவை மருத்துவர் எனப் பல திறத்தாரையும் நேரிற் கண்டு வினவினார். அவ்வாராய்ச்சி 1975 ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்தது. தொழிலால் வேறுபட்ட இவர்கள் தம் அனுபவத்தைக் கூறியவிடத்துப் பெரிதும் ஒத்தே கூறினர். ஆற்றின் ஓட்டம் ஒன்று தம்மை எளிதாகக் கொண்டு செல்வதுபோல் இருந்தது என்று பலரும் உவமித்தனர். அவ்வுவமையே பெயராயிற்று, ‘ப்ளோ’ என்னும் ஆங்கிலச் சொல் உளநூற் கலைச்சொல்லாக நிலைபெற்றது. 1990 ஆம் ஆண்டில் அப்பெயராலேயே அவர் எழுதிய நூல் ஆராய்ச்சியாளர் அல்லாதாரிடையேயும் பரவியது.

இந்நிலை தோன்றுதற்கு மூன்று சூழல்கள் வேண்டும் என்பது அவர் கொள்கை. செய்யவேண்டுவது இன்னது என்பது நொடிதோறும் தெளிவாயிருத்தல் வேண்டும். செய்தது சரியா தவறா என்பது அப்பொழுதே புலனாதல் வேண்டும். செயலின் அருமையும் செய்வோன் ஆற்றலும் ஒத்து நிற்றல் வேண்டும். பாறையேறுவோனை எண்ணிப் பார்ப்போம். அடுத்துக் கைபற்றவேண்டிய விளிம்பு எது என்பதே அவன் முன் நிற்கும் வினா; பற்றியது பொருந்தியதா என்பதை விரலே அறிவித்துவிடும்; பாறை மிக எளிதாயின் அவன் உள்ளம் அலையும், மிக அரிதாயின் அஞ்சும். மூன்றனுள் இறுதியதே பலராலும் எடுத்தோதப்படுவது. எனினும் இரண்டாவதற்கே முதன்மை தரவேண்டும் என்பது என் கருத்து. ஆற்றலுக்கு ஒத்த வேலையாயினும், அதன் விளைவு ஆறு திங்கள் கழித்தே தெரியும் எனின், உள்ளம் அவ்வேலையில் நில்லாது விளைவைப் பற்றிய கவலையிற் சென்றுவிடும். ஆராய்ச்சிக் கட்டுரை எழுதுவார் இதனை நன்கு அறிவர்.

உள்ளத்தின் கவனம் அளவுடைய பொருள் என்பதே இக்கொள்கைக்கு அடிப்படை. ஒரே நேரத்தில் பலவற்றை ஏற்று நடத்தும் ஆற்றல் மனிதனுக்கு இல்லை. ஒரு செயல் அக்கவனம் முழுவதையும் வேண்டி நிற்குமாயின், பசியையும், நேரத்தையும், ‘என்னைப் பிறர் எவ்வாறு மதிக்கின்றனர்’ என்னும் எண்ணத்தையும் தாங்குதற்கு எச்சம் இராது. ஆகவே அவை மறைகின்றன. அவற்றை எவரும் முயன்று மறப்பதில்லை. இடமின்மையால் அவை தாமே வெளியே நிற்கின்றன. மறதி ஈண்டு விளைவேயன்றிக் காரணம் அன்று.

நேரவுணர்வு பற்றிய செய்தி இதனை வலியுறுத்தும். ஆழ்ந்த நிலையில் நேரம் விரைந்து கழிவதாகப் பலர் கூறுவர். சில மணி சில நிமிடமாய்த் தோன்றும். பாலே நடனமாடுவார் இதற்கு மாறாக, ஒரு நொடிக்கும் குறைவான கடினமான சுழற்சி நெடும்பொழுது நீள்வதுபோல் உணர்வதாகக் கூறியுள்ளனர். இவ்விரண்டினும் வியப்பானது நெஞ்சறுவை மருத்துவர் பற்றி சிக்சென்ட்மிகாயி எழுதியிருப்பது. தேர்ந்த மருத்துவர் ஒருவர் அறுவையின் நடுவே கடிகாரத்தை நோக்காமலே, அரை நிமிட வேறுபாட்டுக்குள் மணியைக் கூறவல்லவராய் இருந்தாராம். நேரத்தை மறத்தல் இந்நிலையின் இலக்கணம் எனின், இம்மருத்துவர் அந்நிலையை அடையாதவர் ஆதல் வேண்டும். அவ்வாறு கொள்ளல் பொருந்தாது. அவர்க்கு நேரம் அறுவைத் தொழிலின் ஓர் உறுப்பு. தொழிலுக்கு உரியது எதுவோ அது கூர்மையுற்று நிற்கின்றது, உரியதல்லாதது விலகுகின்றது.

இவ்விடத்துத் தமிழ்நாட்டுக் கவனகக் கலையை எண்ணிப் பார்த்தல் தகும். வடமொழியில் அவதானம் எனப்படும் இக்கலையில், ஒருவர் பலர் நடுவே அமர்ந்து, முதுகில் எறியப்படும் மலர்களை எண்ணுவார், மணியோசையை எண்ணுவார், கொடுத்த ஈற்றடிக்கு வெண்பா இயற்றுவார், கணக்கிற்கு விடை கூறுவார், இடையிடையே கேட்கப்படும் ஐயங்களையும் தீர்ப்பார். கவனகங்களின் எண்ணிக்கையால் அட்டாவதானம் முதலிய பெயர்கள் அமைந்தன. கோட்டாற்றைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874-1950) 1907 ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நூறு கவனகங்களைச் செய்து ‘சதாவதானி’ எனச் சிறப்பிக்கப் பெற்றார். கவனகர் தம் செயலில் முழுதும் ஒன்றியவர் என்பதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் அவர் தொழிலோ மறவாமை! எண்ணிய மலரை மறந்தால் கவனகம் சிதையும்; பாதியில் நிறுத்திய வெண்பாவை மறந்தால் சிதையும்; வினவியவர் முகத்தை மறந்தாலும் சிதையும். ஒன்றுதல் வேறு, மறத்தல் வேறு என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

அற்றேல், இந்நிலையில் மறைவதாக அனைவரும் கூறும் ‘தான்’ என்பது யாது? இதற்கு விளையாட்டுத் துறை ஆராய்ச்சி ஒன்று ஒளி தருகின்றது. சயன் பைலாக் என்னும் அறிஞரும் அவர் துணைவரும் 2002 ஆம் ஆண்டில் வெளியிட்டது அது. கால்பந்தாட்டத்தில் தேர்ந்தவரையும் புதியவரையும், நட்டு வைத்த குறிகளுக்கிடையே பந்தை உருட்டிச் செல்லுமாறு செய்தனர். ஒருமுறை, ஓசை எழுந்தபோதெல்லாம் பாதத்தின் உட்புறம் பந்தைத் தொட்டதா வெளிப்புறம் தொட்டதா என்று கூறவேண்டும். மற்றொருமுறை, ஒலிபெருக்கியில் வரும் சொற்களுள் குறித்த ஒரு சொல் வந்தால் அதனைத் திருப்பிச் சொல்லவேண்டும். புதியவர்க்குத் தம் பாதத்தைக் கவனித்தல் நன்மை தந்தது. தேர்ந்தவர்க்கோ, வலக்காலால் உருட்டியபோது, அதே கவனம் தீங்காயிற்று. வேறொரு சொல்லைக் கேட்டுக்கொண்டே ஆடியபோது விரைந்து சென்றவர்கள், தம் பாதத்தையே கவனித்தபோது தடுமாறினர். இன்னும் நுட்பமானது யாதெனின், அத்தேர்ந்த ஆட்டக்காரரையே பழகாத இடக்காலால் உருட்டச் செய்தபோது, புதியவரைப் போன்றே அவர்களும் பாதத்தைக் கவனிப்பதால் பயன் பெற்றனர்.

ஒரே மனிதர், ஒரு காலுக்கு நன்மையாவது மற்றொரு காலுக்குத் தீமையாகின்றது. எனவே தன்னை நோக்கும் நோக்கு எப்பொழுதும் பகையானதன்று. கற்கும் பருவத்தில் அது துணை. கற்றது கைவந்தபின் அது தடை. ‘தன்னை மறத்தல்’ என்று மக்கள் கூறுவது, தன் உறுப்புகளின் அசைவை இடைவிடாது மேற்பார்க்கும் இவ்வொரு நோக்கு ஓய்தலையே ஆகும். ஆள் மறைவதில்லை, மேற்பார்வையாளன் மறைகின்றான்.

தமிழ் வழக்கு இதனை முன்னரே உணர்ந்திருந்தது போலும்! தேர்ச்சியைக் குறிக்கும் தமிழ்ச் சொற்கள் பல கையை நிலைக்களனாகக் கொண்டவை. கைதேர்தல், கைவருதல், கைப்பழக்கம், கைப்பக்குவம், கைராசி என்பனவற்றைக் காண்க. சமையலில் உப்பின் அளவைக் கேட்டால், ‘கை சொல்லும்’ என்பார் உளர். அறிவு தலையினின்று கைக்கு இறங்கியது என்பது இவ்வழக்குகளின் கருத்து. உளநூலார் இதனை வேறு வகையாற் கூறுவர். வில்லியம் சேசு, எர்பர்ட்டு சைமன் இருவரும் 1973 ஆம் ஆண்டில் வெளியிட்ட சதுரங்க ஆராய்ச்சியில், வல்லுநர் ஆட்டப் பலகையைச் சில நொடி நோக்கியே காய்களின் நிலையைப் பெரும்பாலும் பிழையின்றி மீண்டும் அமைத்தனர். ஆனால், காய்களை முறையின்றிப் பரப்பி வைத்தபோது அவர்களுக்கும் புதியவர்க்கும் வேறுபாடு ஏறத்தாழ இல்லையாயிற்று. வல்லுநர் காய்களைத் தனித்தனியே காணாமல், பழகிய தொகுதிகளாகவே காண்கின்றனர். எழுத்துக்கூட்டிப் படித்தவன் பின்னர்ச் சொற்களைக் காண்பது போன்றது இது. பல பொருள் ஒரு பொருளாகத் தொகுக்கப்படுவதனால் கவனத்தில் இடம் மிகுகின்றது. அவ்விடத்தில் ஆட்டத்தின் போக்கு முழுவதும் வந்து நிறைகின்றது. பயிற்சியின்றி இந்நிலையை அடைய இயலாமைக்குக் காரணம் இதுவே.

மூளையை நேரடியாக நோக்கியவர் கூறுவதையும் கேட்போம். சார்லஸ் லிம், ஆலன் பிரவுன் என்னும் இருவர் 2008 ஆம் ஆண்டில் ஜாஸ் இசைப் பியானோக் கலைஞர் அறுவரைக் காந்தப் படப்பிடிப்புக் கருவியினுள் கிடத்தி வாசிக்கச் செய்தனர். மனப்பாடமான இசையை வாசித்தபோதும், அவ்வப்போது தாமே புனைந்து வாசித்தபோதும் மூளையின் நிலையை ஒப்பிட்டனர். புனைந்து வாசித்தபோது, திட்டமிடுதலுக்கும் தன்னைக் கண்காணித்தலுக்கும் உரியதாகக் கருதப்படும் முன்மூளையின் பக்கப் பகுதிகளில் செயல் குறைந்தது. அதே முன்மூளையின் நடுப் பகுதியில் செயல் மிகுந்தது. இந்நடுப் பகுதி தன்னைப் பற்றிய எண்ணங்களோடும் தன் உள்ளத்தை வெளியிடுதலோடும் தொடர்புடையதாகக் கருதப்படுகின்றது. அறுவரைக்கொண்டு உலகிற்கெல்லாம் விதி செய்தல் கூடாது. புனைந்து வாசித்தலும் ஒன்றிய நிலையும் முற்றும் ஒன்றே என்றும் துணிதல் கூடாது. எனினும், கண்காணிப்பு ஓய்ந்தவிடத்தும் ‘தான்’ என்பது அழிந்துபோகவில்லை என்னும் மேற்கருத்தோடு இது முரணவில்லை.

தேர்ந்தவர் எண்ணாமலே செயல்படுகின்றனர் என்று இதனால் முடிவு கட்டுவாரும் உளர். அவரை மறுத்து எழுதியவர் பார்பரா மான்டெரோ. முன்னர்ப் பாலே நடனமாடியவர். பின்னர் மெய்ப்பொருளியல் பேராசிரியரானவர். தேர்ந்த கலைஞர் தம் செயலை எண்ணியும் திருத்தியுமே சிறக்கின்றனர் என்பது அவர் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலின் துணிபு. ஆய்வுக்கூடத்தில் பாதத்தின் எப்புறம் தொட்டது என்று கேட்பது எந்த ஆட்டக்காரனும் தானே கேட்டுக்கொள்ளும் வினா அன்று என்னும் அவர் வகைத் தடை புறந்தள்ளத் தக்கதன்று. உறுப்பின் அசைவை எண்ணுதல் வேறு. ஆட்டத்தின் போக்கை எண்ணுதல் வேறு. வீணைக் கலைஞர் ஒருவர் இராக ஆலாபனையில் அடுத்து எச்சுரத்தில் நின்று விரிக்கலாம் என எண்ணுவது அவர் ஒன்றுதலைக் குலைப்பதில்லை. அவ்வெண்ணமே ஒன்றுதலின் உள்ளடக்கம்.

பயிற்சியைப் பற்றிய மற்றொரு தவற்றையும் ஈண்டுச் சுட்டவேண்டும். ஒன்றிய நிலையின் இன்பத்தை நூல்களிற் படித்த இளைஞர், பயிற்சி ஒவ்வொன்றும் அவ்வின்பமாகவே இருத்தல் வேண்டும் என எதிர்பார்க்கின்றனர். இல்லையாயின், அக்கலை தமக்கு உரியதன்று என விட்டு நீங்குகின்றனர். ஆண்டர்சு எரிக்சன் தம் துணைவருடன் பெர்லின் நகரில் வயலின் பயிலும் மாணவரை ஆராய்ந்து 1993 ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரை இவ்வெதிர்பார்ப்பை மறுக்கும். முன்னேற்றத்திற்கு மிகவும் வேண்டுவது தனித்திருந்து செய்யும் பயிற்சி என்று அம்மாணவர் மதித்தனர். அதுவே மிக்க முயற்சியை வேண்டுவது என்றும், ஓய்வுப்பொழுதின் செயல்களைப்போல் இன்பம் தருவதன்று என்றும் மதித்தனர். பிழையைத் தேடித் திருத்துவது பயிற்சி. பிழையைத் தேடுகின்றவன் தன்னை நோக்காதிருத்தல் இயலாது. ஆகவே அங்கே மேற்பார்வையாளன் வேலையில் இருக்கவேண்டியவனே. காலையில் அவனை அமர்த்தி வேலை வாங்கியவர்க்கே மாலை அரங்கில் அவன் விடைபெற்றுச் செல்கின்றான்.

அன்றாட வாழ்விற் கண்ட ஒரு முரணையும் கூறலாம். சிக்சென்ட்மிகாயியும் ஜூடித் லெஃபெவர் என்பாரும் 1989 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், தொழில் செய்வோர் 78 பேர் ஒரு வாரம் ஒலிக்கருவி ஒன்றைத் தம்முடன் வைத்திருந்தனர். அது ஒலித்தபோதெல்லாம் தாம் செய்வதையும் உணர்வதையும் எழுதினர். அருமையும் ஆற்றலும் உயர்ந்து ஒத்து நின்ற பொழுதுகள் ஓய்வு நேரத்தினும் வேலை நேரத்தில் மும்மடங்கிற்கும் மேலாக இருந்தன. ஆயினும் வேலை நேரத்தில் அவர்கள் அவ்வேலையைவிட்டு வேறொன்று செய்யவே பெரிதும் விரும்பினர். ‘வேலை’ என்னும் பெயரே அதன் இன்பத்தை அவர்கள் கண்ணினின்று மறைத்தது போலும்.

உண்மையான மெய்ம்மறதி எங்குளது எனின், அதனை நடாஷா டவ் ஷல் என்னும் மானிடவியலார் லாஸ் வேகாஸ் நகரத்துச் சூதாட்டப் பொறிகளின் முன்னே கண்டார். 2012 ஆம் ஆண்டில் வெளிவந்த அவர் நூலிற் பேசுவோர், தாம் வெற்றி பெறுவதற்காகப் பொறியின்முன் அமர்வதில்லை என்கின்றனர். இடையறாது ஆடிக்கொண்டிருப்பதே அவர் வேட்கை. பெருந்தொகை வென்றால் ஆட்டம் தடைப்படுகின்றதே என்று எரிச்சல் கொண்டாரும் உளர். பசி, உடல், காலம், பொருள் அனைத்தும் மறந்துபோகின்றன. வெளித்தோற்றத்தில் இவரும் அறுவை மருத்துவரும் ஒத்தவராகவே காணப்படுவர். அடுத்துச் செய்யவேண்டுவது தெளிவு. விளைவு நொடியில் தெரிகின்றது. ஆனால் ஆற்றல் என்பதற்கு அங்கே இடமில்லை. பத்தாண்டு ஆடினும் பொறியின் முன் எவரும் கைதேர்ந்தவர் ஆவதில்லை. மருத்துவர்பால் கூர்மையுற்று நின்ற அறிவு, இங்கே மழுங்கி அடங்குகின்றது.

தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் உவகைக்குரிய நான்கனுள் விளையாட்டையும் ஒன்றாக எண்ணினார். கல்வியையோ பெருமிதத்துக்குரிய நான்கனுள் ஒன்றாக வைத்தார். ஓவிய மாணவர் எய்திய நிலையில் இவ்விரண்டும் கலந்துள்ளன எனலாம்; தீட்டுதல் அவர்க்கு விளையாட்டு, தீட்டவல்லமை கல்வி. பொறியின்முன் அமர்ந்தவர்க்குப் பின்னது இல்லை. முன்னதும் நெடுநேரம் எஞ்சுவதில்லை.

கலைச்சொல் அமைப்போர்க்கு ஒரு சொல். ஆங்கிலச் சொல்லை நேரே பெயர்த்து ‘ஓட்டம்’ என்றல் குழப்பம் தரும். ‘ஒழுக்கு’ என்பது நீரொழுக்கையும் நடக்கையையும் ஒருங்கே உணர்த்தும் அழகிய சொல்லே. ஆயினும் ஒழுக்கம் என்னும் அறப்பொருள் உடன்வந்து, நல்லது தீயது என்னும் தீர்ப்பை முன்கூட்டியே புகுத்திவிடும். ‘மெய்ம்மறதி’ சூதாடுவார்க்குப் பொருந்தும். தொழிலில் தேர்ந்தார் எய்தும் நிலைக்கு ‘ஒன்றுநிலை’ என்பதே பொருந்துவதாக எனக்குப் படுகின்றது. எதனோடு ஒன்றுதல் என்னும் வினாவை அச்சொல் தன்னகத்தே கொண்டுள்ளது. பாறையோடா, பாட்டோடா, பொறியோடா என்று கேட்காமல் அச்சொல்லை ஆள்வது அரிது.